குளிர்கால வெயிலும் நடமாடும் வீடும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிஸோனா மாநிலத்தில், கலிபோர்னியா எல்லையிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில், குவார்ட்ஸைட் என்ற சிற்றூர் ஒன்று இருக்கிறது. கோடையில் நிழலிலும் 40 பாகைக்கு மேல் உஷ்ணம் ஏறும் அந்தப் பாலைப் பிரதேசத்தில் நிரந்தரமாகக் குடியிருப்போர் சில ஆயிரம் பேரே. ஆயினும், வடக்கே மின்னஸோட்டாவிலும் கனடாவின் சமவெளிகளிலும் பனி கொட்டத் தொடங்கியதும், படுக்கையும் அடுப்பும் குளிர்பெட்டியும் குளியலறையும் தமக்குள்ளேயே அடக்கிய வீட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே வந்து சேர, தை மாதத்தில் அவ்வழியே செல்பவருக்கு இது ஏதோ பெரும் பட்டணம் என்ற மயக்கம் உண்டாகிவிடும். மத்திய அரசின் நில நிர்வாக இலாகா, ஊருக்குத் தெற்கே 'லா போஸா' என்னும் பரந்த வெளியை, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டுப் பெற்றவர்கள் தங்கியிருப்பதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. 1983-இல் தொடங்கிய ஏற்பாடு இது. அங்கே தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம், கழிவுநீரைக் கொட்டலாம். ஆனால் மின்சாரம் வேண்டுமென்று வண்டியின் கம்பியைச் செருகுவதற்கு ஒரு கம்பமும் கிடையாது.

வறண்ட நிலத்தைக் கடக்கும் யுக்திகளில் அந்த ஊருக்குப் பழைய சம்பந்தம் ஒன்றுண்டு. 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனப் போக்குவரத்துக்கென மேற்காசியப் பகுதிகளிலிருந்து ஒட்டகங்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தபோது, அவற்றை நடத்துவதற்காக வந்த ஹாஜி அலி என்பவருடைய சமாதி, உச்சியில் ஒட்டக உருவம் தாங்கிய சிறு கற்கோபுரமாக, குவார்ட்ஸைட்டில் இன்றும் நிற்கிறது. ஒட்டகம் தனக்கு வேண்டியதைத் தன் உடம்பிலேயே சேர்த்துக்கொண்டு நடக்கும் பிராணி. இன்று அங்கே வந்து நிற்கும் வண்டியும் அப்படியே நடந்துகொள்ள வேண்டியதாயிருக்கிறது.

சூரியசக்தியால் வாழ விரும்புகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை பேனல் வாங்கலாம்?" என்பது. அது தலைகீழான கேள்வி என்பது என் அபிப்பிராயம். பேனல் பகலின் சாதனம். வண்டியிலே மின்சாரம் பெரும்பாலும் செலவாவது, சூரியன் மறைந்து குளிர் இறங்கிய பிறகு. ஆகவே கணக்கை இரவிலிருந்து தொடங்கவேண்டும். நம் வீட்டு மின்சாரச் சீட்டில் 'யூனிட்' என்று குறிக்கப்படும் அளவு, ஆயிரம் வாட் எடுக்கும் சாதனம் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு ஆகும் சக்தி. அதே அளவை இங்கும் வைத்துக்கொள்வோம். ஓய்வு பெற்ற தம்பதியர் இருவர் டிசம்பர் மாதத்தில் ஒரு வண்டியில் தங்கியிருப்பதாகக் கொண்டால், 12 வோல்ட்டில் ஓடும் குளிர்பெட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை யூனிட்டுக்குச் சற்று மேலாக எடுக்கும். ஐந்து எல்.இ.டி. விளக்குகள் நான்கு மணி நேரம் எரிந்தாலும் பத்தில் ஒரு பங்கு யூனிட்டைத் தொடுவதில்லை. தண்ணீர் பம்பின் செலவு அதனினும் அற்பம். வண்டியைச் சூடாக்கும் அடுப்பு எரிவாயுவில் எரிந்தபோதிலும், அந்தச் சூட்டை அறைக்குள் வீசும் விசிறி மின்சாரத்தில் ஓடுவதால், குளிரிரவில் அது மட்டும் அரை யூனிட்டை விழுங்கிவிடக்கூடும். மடிக்கணினி, கைப்பேசி, இணையத் தொடர்புக் கருவி ஆகியவற்றுக்கு அரை யூனிட்டுக்கு மேல். மைக்ரோவேவ் அடுப்பில் பத்து நிமிஷம் சமைத்தால் கால் யூனிட்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் செலவுகள். தெரியாத செலவு ஒன்று உண்டு. அனுபவமில்லாதவரை ஏமாற்றுவது அதுவே. பாட்டரியின் நேர்மின்சாரத்தை வீட்டுச் சாமான்களுக்கு வேண்டிய மாறுமின்சாரமாக்கும் இன்வர்ட்டர், ஒரு சாமானும் அதில் செருகப்படாதபோதும், தான் விழித்திருப்பதற்காகவே சில வாட்டுகளை எடுத்துக்கொண்டிருக்கும். எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவியும், தொலைக்காட்சியின் சிவப்புப் புள்ளியும், குளிர்பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகையும் அதனோடு சேர்ந்துகொள்ளும். மொத்தம் 15 வாட் என்று வைத்தாலும், இருபத்து நான்கு மணி நேரத்தில் அது மூன்றிலொரு யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. விளக்குகள் அனைத்தும் எரிந்த செலவைப்போல நான்கு மடங்கு! விளக்கை அணைப்பதில் கண்ணும் கருத்துமாக இருக்கும் குடும்பம், இன்வர்ட்டரின் பொத்தானை மறந்து உறங்கிவிடுவது சகஜம். அனைத்தையும் கூட்டினால் நம் தம்பதியரின் நாட்செலவு ஏறக்குறைய 2.4 யூனிட் ஆகிறது.

இனி வரவைப் பார்ப்போம். பூமியின் வாயுமண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேரே நோக்கிய ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் விழும் சக்தி சுமார் 1,361 வாட். காற்றையும் நீராவியையும் தூசியையும் ஊடுருவித் தரைக்கு வந்து சேரும்போது, தெளிந்த நாளின் நல்ல வெயிலில் அது 1,000 வாட் அளவுக்குக் குறைகிறது. பேனலின் முதுகில் '100 வாட்', '200 வாட்' என்று அச்சிட்டிருக்கும் எண்கள், இந்த 1,000 வாட் வெளிச்சத்தில், சிலிக்கான் 25 பாகை உஷ்ணத்தில் இருக்கும்போது, பரிசோதனைச் சாலையில் அளந்து எழுதப்பட்டவை. வண்டியின் கூரை பரிசோதனைச் சாலை அல்ல. முக்கியமாக, வண்டியின் கூரை தரைக்குச் சமமாகப் படுத்துக் கிடக்கிறது. குளிர்காலச் சூரியனோ தலைக்கு மேலே வருவதில்லை. குவார்ட்ஸைட்டின் அட்சரேகை ஏறத்தாழ 33.7 பாகை, டிசம்பர் 21-ஆம் தேதி சூரியன் பூமத்திய ரேகைக்கு 23.4 பாகை தெற்கே நிற்கிறான். இவ்விரண்டையும் 90-லிருந்து கழித்தால், அன்றைய நண்பகலில்கூட அவன் தொடுவானத்துக்கு மேல் ஏறும் உயரம் 33 பாகைதான் என்பது விளங்கும். அவ்வளவு சாய்வாக வரும் கிரணங்களில், படுத்திருக்கும் பேனல் பிடித்துக்கொள்வது, நேர்முகமாக நிமிர்ந்திருந்தால் பிடிக்கக்கூடியதில் நூற்றுக்கு 54 பங்கு மட்டுமே. காலையிலும் மாலையிலும் அதுவும் இல்லை.

ஒரு நாள் முழுவதும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பிரதேசத்தில் டிசம்பர் மாதத்தில் படுத்த பரப்பின் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 3 யூனிட்டும், தெற்கு நோக்கிச் சாய்த்து நிறுத்திய பரப்பில் ஏறத்தாழ 5 யூனிட்டும் வெயிலாக வந்து விழுகின்றன. ஆதலால் 400 வாட் பேனல்களைக் கூரைமேல் படுக்கப் போட்டவருக்குக் காகிதக் கணக்கில் 1.2 யூனிட், கம்பியிலும் கட்டுப்பாட்டுக் கருவியிலும் பாட்டரியிலும் தூசியிலும் போகும் நஷ்டத்தைக் கழித்தால் 0.9 யூனிட். அதே பேனல்களைக் கீல்வைத்த சட்டத்தில் தூக்கிச் சாய்த்தவருக்கு 1.5 யூனிட். நம் தம்பதியரின் 2.4 யூனிட் செலவுக்கு, சாய்ப்பதானால் 650 வாட் அளவும், சாய்க்காவிட்டால் 1,000 வாட்டுக்கு மேலும் வேண்டியிருக்கும். பேனலைச் சாய்ப்பதற்கு ஏணி ஏறவேண்டும். பாலைக்காற்று வலுத்தால் சாய்ந்த பேனல் பாய்மரமாகிவிடும் என்பதால் மறுபடி ஏறி இறக்கவேண்டும். எழுபது வயதில் இந்த வித்தை எதற்கு, இன்னும் இரண்டு பேனல் வாங்கிப் படுக்கப் போட்டுவிடுவோம் என்று தீர்மானிக்கும் முதியவர்களோடு எனக்கு வாதமில்லை. இக்காலத்துப் பேனல் ஒரு சதுர மீட்டருக்கு 200 வாட் அளவு தருவதால், ஐந்தாறு சதுர மீட்டர் இடம் கிடைத்தால் ஆயிரம் வாட்டைப் பரப்பிவிடலாம்.

இதிலே ஒரு விசித்திரம் உண்டு. ஜூன் மாதத்தில் அதே இடத்தில் படுத்த பேனலின்மேல் நாளொன்றுக்கு 8 யூனிட் அளவு வெயில் கொட்டுகிறது; அப்போது அங்கே வண்டிகளைக் காண்பதே அரிது. குளிருக்கு அஞ்சித் தெற்கே வருகிறவர்கள் சூரியனைத் தேடித்தான் வருகிறார்கள். அவன் மிகச் சிக்கனமாக அளந்து கொடுக்கும் மாதங்களிலேயே அவனிடம் குடியிருக்கிறார்கள். கோடையில் அவர்கள் மலைக்காடுகளுக்கு ஏறும்போதும் வேறு விதமான முரண்பாடு காத்திருக்கிறது: வண்டி குளிர்ந்திருக்க மரநிழல் வேண்டும், பேனலுக்கோ வெயில் வேண்டும். நீண்ட கம்பியோடு எடுத்துச் சென்று வெட்டவெளியில் விரித்துவைக்கும் மடிப்புப் பேனல்கள் இந்த வழக்கைத் தீர்ப்பதற்காகவே ஏற்பட்டவை.

நிழல் என்று சொன்னதும், அது பேனலுக்கு இழைக்கும் தீங்கு அதன் பரப்பளவைப்போல் பல மடங்கு பெரிது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பேனலின் உள்ளமைப்பு தெரிந்திருப்பது நலம். தூய சிலிக்கான் தகட்டின் ஒரு புறத்தில் பாஸ்வரமும் மறுபுறத்தில் போரானும் மிகச் சிறு அளவில் கலக்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒரு மின்புலம் தானாகவே நிலைகொள்கிறது. ஒளித்துகள் ஒன்று வந்து சிலிக்கானிலிருந்து ஓர் எலெக்ட்ரானைக் கிளப்பிவிட்டால், அந்த மின்புலம் அதை ஒரே திசையில் தள்ளிவிடுகிறது. வெளியே கம்பி இருந்தால் அதன் வழியே ஓடி, வேலை செய்துவிட்டு, மறுபுறம் வந்து சேர்கிறது. இவ்வாறு ஒரு சில்லு தருவது அரை வோல்ட்டுக்குச் சற்று மேலான அழுத்தமே. 12 வோல்ட் பாட்டரிக்குள் மின்சாரத்தைச் செலுத்தவேண்டுமானால் அதைவிட உயர்ந்த அழுத்தம் தேவையாதலால், 36 சில்லுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, 18 வோல்ட் அளவில் வேலை செய்யுமாறு பழைய பேனல்கள் அமைந்தன. பெரிய பேனல்களில் சில்லுகள் இன்னும் அதிகம். தொடராகக் கட்டியிருப்பதால் எல்லாச் சில்லுகளிலும் ஒரே மின்னோட்டம் ஓடவேண்டும். ஒன்று நிழலில் விழுந்தால் மற்றவற்றின் ஓட்டமும் தடைப்படும். தடைப்பட்ட சில்லு தானே சூடேறிக் கெடும். இதைத் தவிர்க்கச் சில்லுகளைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் மாற்றுவழியாக ஒரு டையோடை வைக்கிறார்கள். அப்போது ஒரு சில்லின் மேல் விழும் நிழல் பேனல் முழுவதையும் அழிக்காமல், அதில் மூன்றிலொரு பங்கையோ பாதியையோ மட்டும் அழிக்கிறது.

வண்டியின் கூரையில் நிழலுக்குப் பஞ்சமில்லை. அறையைக் குளிர்விக்கும் குளிர்சாதனப் பெட்டியின் திமில் 30 சென்டிமீட்டர் உயரம் என்று கொள்வோம்: டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் வடக்கே 46 சென்டிமீட்டரும், காலை ஒன்பது மணிக்கு ஏறத்தாழ 90 சென்டிமீட்டரும் நீளும். கோடையில் கடையிலே நிறுத்தி வேலை முடித்துக்கொண்டவர், அன்று எந்த நிழலும் தொடாத இடத்தில் பொருத்தப்பட்ட பேனல் தை மாதத்தில் பாதி நேரம் இருட்டில் கிடப்பதைக் கண்டு, விற்றவரைச் சபிப்பதுண்டு. சபிக்கவேண்டியது பூமியின் அச்சுச் சாய்வை.

இந்தச் சில்லின் ஜனனமே கம்பி எட்டாத இடங்களுக்காக நிகழ்ந்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வுக்கூடத்தில் டாரில் சாபின் என்ற பொறியாளருக்கு இடப்பட்ட பணி, வெப்பமும் ஈரமும் மிகுந்த தொலைதூர நாடுகளில் பாட்டரிகள் விரைவில் கெட்டுப்போவதால், தொலைபேசிக் கருவிகளுக்கு வேறு மின்மூலம் கண்டுபிடிக்கவேண்டும் என்பதே. அதே கூடத்தில் சிலிக்கானோடு போராடிக்கொண்டிருந்த கால்வின் புல்லரும் ஜெரால்டு பியர்சனும் அவரோடு சேர, 1954 ஏப்ரலில் வெயிலின் சக்தியில் நூற்றுக்கு 6 பங்கை மின்சாரமாக்கும் சில்லு உலகுக்குக் காட்டப்பட்டது. மறு ஆண்டு ஜார்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் என்னும் ஊரில் கிராமத் தொலைபேசித் தடமொன்றில் அது பரீட்சிக்கப்பட்டது. 1958 மார்ச்சில் வான்கார்டு என்னும் சிறு செயற்கைக் கோளில் ஏறி ஆகாயத்துக்கும் சென்றது. அந்தக் கோளின் சாதாரணப் பாட்டரி விரைவிலேயே தீர்ந்துபோக, சூரியச் சில்லுகளால் இயங்கிய ஒலிபரப்பி 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. இன்று கடையில் வாங்கும் பேனல் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் மாற்றுகிறது. ஒற்றைச் சந்தியுள்ள சிலிக்கான் எவ்வளவு முயன்றாலும் மூன்றிலொரு பங்கை எட்ட இயலாது என்பது பௌதிக விதிகளிலிருந்தே கணித்து அறிந்த வரம்பு.

பேனலுக்கும் பாட்டரிக்கும் நடுவே ஒரு கட்டுப்பாட்டுக் கருவி நிற்கிறது. 'பி.டபிள்யூ.எம்.' எனப்படும் மலிவான வகை, இரண்டையும் ஏறக்குறைய நேராகவே இணைத்து, பாட்டரி நிறையும்போது இணைப்பை விட்டுவிட்டுப் பிடிக்கிறது; 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரவல்ல 100 வாட் பேனலை அது 13 வோல்ட்டுக்கு இழுத்துவந்துவிடுவதால், கையில் கிடைப்பது 72 வாட் அளவே. 'எம்.பி.பி.டி.' என்ற வகை, பேனல் எந்த அழுத்தத்தில் உச்ச பலனைத் தருகிறதோ அங்கேயே அதை நிறுத்தி, மிகுந்த அழுத்தத்தைக் கூடுதல் ஓட்டமாக மாற்றிக் கொடுக்கிறது. குளிர்ந்த காலையில் இதன் அருமை இன்னும் விளங்கும். ஏனெனில் சிலிக்கான் சூடேறினால் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றில் மூன்றிலொரு பங்கு அளவுக்குச் சக்தி குறைந்து, குளிர்ந்தால் அவ்வாறே கூடுகிறது. வெயில் வேண்டும், வெப்பம் வேண்டாம் என்பது இச்சில்லின் குணம்.

இனி பாட்டரி. பணமும் யோசனையும் அதிகமாகச் செலவிடத் தகுந்த இடம் இதுவே. 1859-இல் பிரான்ஸ் தேசத்து காஸ்டன் பிளாண்டே கண்டறிந்த ஈய அமில பாட்டரி நெடுங்காலம் வீட்டு வண்டிகளை ஆண்டது. 12 வோல்ட்டில் 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் பெயரளவில் 1.2 யூனிட், ஆனால் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் சுருங்குமாதலால், துணிந்து எடுக்கக்கூடியது 0.6 யூனிட்தான். இரண்டு நாள் மேகமூட்டத்துக்குத் தாங்கவேண்டுமானால் நம் தம்பதியருக்கு எட்டு பாட்டரிகள் வேண்டும்; ஒன்று ஏறத்தாழ 28 கிலோ. இதைவிடப் பெருந்தொல்லை அதன் நிறையும் விதத்தில் இருக்கிறது. முதல் எண்பது பங்கை விரைந்து வாங்கிக்கொள்ளும் ஈய பாட்டரி, கடைசி இருபது பங்கை மிக மெல்லவே, பல மணி நேரம் எடுத்துக்கொண்டு ஏற்கிறது; குளிர்காலப் பகலில் அத்தனை மணி நேரம் கிடையாது. வெயில் இருக்கும்போது வாங்க மறுத்து, வாங்கச் சித்தமாகும்போது வெயில் சாய்ந்துவிட, அரைகுறையாகவே நாட்கள் கழிய, ஈயத் தகடுகளில் ஸல்பேட் படிகங்கள் கெட்டிப்பட்டு பாட்டரி மடிகிறது. இப்படி மடிந்த பாட்டரிகளுக்காகக் குறைசொல்லப்பட்ட பேனல்கள் ஏராளம்.

இப்போது அந்த இடத்துக்கு வந்திருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி. அதன் வம்ச வரலாற்றில் நம்மவர் ஒருவருக்குப் பங்குண்டு. தென் தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற கிராமத்தில் பிறந்து, மதுரையில் ரஸாயனம் கற்று, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980-களில் ஜான் குடினஃப் என்ற பேராசிரியரோடு சேர்ந்து ஒரு சிக்கலை ஆராய்ந்தார். இரும்பு மலிவானது, நஞ்சற்றது. ஆனால் அதன் ஆக்ஸைடுகளை மின்வாயாக வைத்தால் கிடைக்கும் வோல்ட் மிகக் குறைவு. ஆக்ஸிஜனை இரும்போடு மட்டும் பிணைக்காமல், ஸல்பேட்டைப்போல வேறொரு தனிமத்தோடு இறுகப் பிணைந்த கூட்டமாக வைத்தால், இரும்புக்கும் ஆக்ஸிஜனுக்கும் உள்ள பிடி தளர்ந்து வோல்ட் உயர்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். அந்தத் தடத்திலேயே சென்று, டெக்ஸஸ் பல்கலைக் கழகத்தில் குடினஃபின் குழுவினர் 1997-இல் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டார்கள். 2019-இல் குடினஃபுக்கு ரஸாயன நோபல் பரிசு கிடைத்தபோது, தொண்ணூற்றேழு வயதான அவருடைய சார்பில் ஸ்டாக்ஹோமில் பரிசுச் சொற்பொழிவை ஆற்றியவர் மந்திரமே.

பாஸ்வரம் ஆக்ஸிஜனை இறுகப் பற்றியிருப்பதால், சூடேறினாலும் அது எளிதில் வெளிப்பட்டு நெருப்புக்குத் துணைபோவதில்லை. மனிதர் உறங்கும் அறைக்குக் கீழே வைக்கும் பொருளுக்கு இந்தக் குணம் அவசியம். 3.2 வோல்ட் அறைகள் நான்கைத் தொடுத்தால் 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணிக்கு 1.28 யூனிட்; அதில் பெரும்பகுதியை எடுக்கலாம்; எடையோ 12 கிலோ அளவு. எட்டு ஈய பாட்டரிகளின் வேலையை நான்கு செய்துவிடுகின்றன. கொடுத்த மின்னோட்டத்தை ஏறக்குறைய நிறையும் வரை தயங்காமல் வாங்கிக்கொள்வதால், குறுகிய பகலும் வீணாவதில்லை. குறை ஒன்றுண்டு: பூஜ்யம் பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது மின்சாரம் ஏற்றினால், லித்தியம் கரித்தகட்டுக்குள் புகாமல் அதன்மேல் உலோகமாகப் படிந்து பாட்டரியைக் கெடுத்துவிடும். பாலைவனத்தில் பகல் இளஞ்சூடாக இருந்தாலும் விடியற்காலம் உறைநிலையை நெருங்குவதுண்டு. ஆகையால் நல்ல பாட்டரியின் உள்ளேயே காவல் சுற்று ஒன்று இருந்து, குளிரில் ஏற்றுவதை மறித்து, எடுப்பதை மட்டும் அனுமதிக்கிறது. வண்டிக்குள் மனிதர் உறங்கும் பக்கமே பாட்டரியையும் வைத்துக்கொள்வது இதற்கு எளிய பரிகாரம்.

தாழ்ந்த அழுத்தத்துக்கு உரிய அபாயம் மிகுந்த ஓட்டம். 1,500 வாட் எடுக்கும் மைக்ரோவேவ் அடுப்பு 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 125 ஆம்பியரை உறிஞ்சுகிறது. மெல்லிய கம்பியில் அதைச் செலுத்தினால் கம்பி அடுப்பாகிவிடும். பாட்டரியிலிருந்து இன்வர்ட்டர் வரை கட்டைவிரல் பருமனுள்ள செம்புக் கம்பியை எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக இடுவதும், பாட்டரியின் வாயிலேயே தக்க ஃபியூஸ் வைப்பதும் சிக்கனம் பார்க்கக்கூடாத செலவுகள். கூரையிலுள்ள குளிர்சாதனப் பெட்டியை இந்த ஏற்பாட்டில் ஓட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓட்டலாம்; ஆனால் 1,300 வாட் வீதம் எட்டு மணி நேரத்துக்குப் பத்து யூனிட்டுக்கு மேல் ஆகும், அதாவது நம் தம்பதியரின் நான்கு நாள் வாழ்வு. சக்கரம் உள்ள வீட்டுக்கு அதைவிட மலிவான குளிர்ச்சி, ஆயிரம் மீட்டர் உயரமான மலைக்கு ஓட்டிச் சென்று நிறுத்துவது.

மழைமேகம் மூன்றாம் நாளும் கலையாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சுகிறது. அடர்ந்த மேகத்தின் கீழே பேனல் தெளிந்த நாளில் தருவதில் பத்திலொரு பங்கு தந்தாலே அதிகம். அத்தகைய நாட்களுக்காக மேலும் மேலும் பேனல் வாங்குவது முடிவில்லாத செலவு. வண்டியை இழுக்கும் எஞ்சினிலேயே மின்னாக்கி ஒன்று இருப்பதால், அதற்கும் வீட்டுப் பாட்டரிக்கும் இடையே தகுந்த சார்ஜர் ஒன்றைப் பொருத்திவிட்டால், தண்ணீர் பிடிக்கவும் காய்கறி வாங்கவும் ஊருக்குச் சென்று திரும்பும் ஒரு மணி நேரத்தில் கால் முதல் அரை யூனிட் வந்து சேரும். பெட்ரோலில் ஓடும் சிறு ஜெனரேட்டரை வைத்திருப்பவர்களும் உண்டு. அக்கம்பக்கத்தார் அமைதியை நாடி வந்தவர்கள் என்பதை நினைவில் வைத்து, பாட்டரி மிகத் தாழ்ந்திருக்கும் காலை நேரத்தில், அது மின்சாரத்தைத் தடையின்றி விழுங்கும் இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டி நிறுத்திவிடுவது, காதுக்கும் எரிபொருளுக்கும் நஷ்டம் குறைந்த முறை.